பிள்ளையின் ஆண்டு நிறைவும் பெற்றோர் கடனும்

(நம் சங்கத்தின் ஸ்ரீபெரும்பூதூர் வட்டாரக் கிளையின் தை மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்திற் பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருந்தார்கள். யானும் ஒருவாறு குறிப்புக்கள் எழுதி வைத்திருந்தேன். ஆயினும், பத்து நாட்களுக்கு முன் நம் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற் கண்ட காட்சி, அக்குறிப்புக்களை மடித்து வைக்கும்படி செய்துவிட்டது. ஆதலின் பிள்ளைத்தமிழை விட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேச வந்துளேன். ஓராண்டும் ஈராண்டும் நிறைந்த சிறு குழவிகளுக்கு நாம் நடத்தும் பிறந்தநாள் விழாவைப் பற்றியும், அதற்கு ஆகும் செலவைப் பற்றியுமே பேசக் கருதுகின்றேன். 'தமிழாசிரியன் மேடையேறி அரிசி பருப்புக் கணக்கா சொல்வது?' என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பினால் விளையும் கேடு இன்னதென்று சொல்லவே யான் வந்தேன். ஆதலின் நகைப்பவர்கள் சற்றுப் பொறுத்து நகைப்பார்களாக.

என் சிற்றப்பன் மகன் ஒருவன் ஒரகடத்தை அடுத்த ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கின்றான். அவனுக்கு முதலிற் பிறந்தது பெண். நான்கு ஆண்டுகட்கு முன், அக்குழந்தையின் ஆண்டு நிறைவைத் தன் வாடகை வீட்டு வாசலிலேயே நடத்தினான். எலுமிச்சம்பழச் சாதம், தயிர்ச் சாதம், கேசரி, வாழைக்காய் வறுவல், இவ்வளவே விருந்து. வந்தவர் எழுபதின்மர் இருக்கலாம். உண்டு கை கழுவும்போது யான் அருகில் நின்ற ஒருவரை நோக்கி, "இது பிறந்தநாள் விருந்தா, கோயிற் பிரசாத விநியோகமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற நால்வரும் சிரித்தனர். நகைச்சுவை புலவர்க்கு உரிமை என்னும் செருக்கினாற் பிறந்த சொல் அது. தண்ணீர்க் குடத்தோடு கதவருகில் நின்ற அவன் மனைவி அதனைக் கேட்டாள் என்பதை யான் அன்று கவனிக்கவில்லை.

இரண்டாவது பிறந்தது ஆண். அதன் முதலாண்டு நிறைவு சென்ற மாசித் திங்களில் நடைபெற்றது. இம்முறை வீட்டு வாசல் இல்லை. நெடுஞ்சாலையோரத்துக் கலியாண மண்டபம். உங்களுட் பலரும் வந்திருந்தீர்கள். ஆளுயரப் பிளெக்ஸ் பலகையில் குழந்தை அரசகுமாரன் உடையில் நின்றது. ஒலிபெருக்கியின் முழக்கத்தைக் கேட்டு மெய்யான குழந்தையோ அலறி அழுதது. அதன் கையைத் தகப்பன் பிடித்துக் கேக்கை வெட்டியபோதும் அழுகை ஓயவில்லை. புகைப்படத்திலும் அவ்வழுகையே பதிந்திருக்கின்றது. செலவுக் கணக்கை அவனே பின்னர் என்னிடம் காட்டினான். மண்டப வாடகை 25,000 ரூபாய். பலூன் தோரணமும் மேடை அலங்காரமும் 15,000. புகைப்படமும் வீடியோவும் 20,000. இலை ஒன்றுக்கு 220 வீதம் 150 இலைக்கு 33,000. வந்தவர்க்கு ஈந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் 9,000. கேக் 3,500. பிளெக்ஸ் 2,000. ஆகக் கூடுதல் 1,07,500 ரூபாய். இதன்பொருட்டு நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் 60,000 கடன் வாங்கினான். மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து 45,000 பெற்றான். கையிலிருந்து போட்டது 2,500.

பத்து நாட்களுக்கு முன் நிகழ்ந்த திருமணத்தில் அப்பெண்ணின் கழுத்தில் மஞ்சட் கயிறு மாத்திரமே கண்டேன். "சங்கிலி எங்கே, அம்மா?" என்று கேட்டேன். அவள் தலை நிமிராமல், "அது பிள்ளையின் பிறந்தநாளிற் போயிற்று, மாமா. அன்று நீங்கள் சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்றார்" என்றாள்.

பெரியோர்களே! கடன் கொடுத்தவர் யாரோ ஒரு வட்டிக்காரர். கடன் வாங்கச் செய்தவன் யான். மாதம் 1,800 ரூபாய் வீதம் பதினொரு மாதங்களில் 19,800 ரூபாய் வட்டியாகவே சென்றுவிட்டது. முதல் 60,000 முழுமையும் அப்படியே நிற்கின்றது. பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டு வரப்போகின்றது; முதலாண்டின் கடனோ இன்னும் தவழவும் தொடங்கவில்லை. மொய் வந்ததே என்பீர்கள். வந்த 21,000 ரூபாயும் அடுத்த சில மாதங்களில் உங்கள் வீட்டு விசேஷங்களுக்கே மொய்யாகத் திரும்பி வந்துவிட்டது. மொய் என்பது வட்டியில்லாக் கடனேயன்றி வருமானமன்று என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அறிந்தும், செலவுத் திட்டம் இடும்போது அதனை வரவிற் சேர்த்துக்கொள்கின்றோம். அளவிறந்த வட்டியைத் தடுக்க இந்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கின்றது. வெட்கத்தைத் தடுக்கச் சட்டம் ஏது?

நிற்க. 'பிறந்தநாள் கொண்டாடுவதே மேல்நாட்டார் வழக்கம். அதனை அறவே விலக்கினால் தொல்லை தீரும்' என்பாரும் நம்முள் உளர். அதனை யான் ஒப்பேன். கேக்கும் மெழுகுவர்த்தியும் மேல்நாட்டினின்று வந்தனவே. பிறந்தநாள் அவ்வாறு வந்ததன்று. அரசன் பிறந்த நாளைப் பெருமங்கலம் என்று தொல்காப்பியம் புறத்திணையுள் வைத்துப் பேசுகின்றது; புறப்பொருள் வெண்பாமாலை நாண்மங்கலம் என்று பெயரிடுகின்றது. அந்நாளில் அரசன் சினந்தணிந்து, வெள்ளணி அணிந்து, சிறைப்பட்டோரை விடுவிப்பான் என்பது உரையாசிரியர் கூற்றாற் பெறப்படும். முதல் இராசராசன் பிறந்த சதய நாள் ஐப்பசித் திங்களில் இன்றும் தஞ்சையிற் கொண்டாடப்பெறுகின்றது. அவ்வளவு தூரம் செல்வானேன்? நம் ஸ்ரீபெரும்பூதூரிலேயே ஆண்டுதோறும் சித்திரைத் திருவாதிரையில் நாம் கொண்டாடுவது யாது? 1017-ஆம் ஆண்டில் இவ்வூரில் அவதரித்த ஸ்ரீ இராமாநுசரின் பிறந்தநாளன்றோ? 2017-ல் ஆயிரமாவது ஆண்டு நிறைவுக்கு வந்த கூட்டத்தை நீங்கள் கண்டிருக்கின்றீர்கள். ஆயிரம் ஆண்டுகளாகப் பிறந்தநாள் கொண்டாடும் ஊரார்க்குப் பிறந்தநாள் வேண்டா என்று சொல்ல யாவர்க்கும் உரிமையில்லை. பண்டை அரசன் பிறந்தநாளில் சிறைப்பட்டவர்கள் வெளிவந்தார்கள். நாமோ அந்நாளில் தகப்பன் ஒருவனைச் சிறைக்குள் அனுப்புகின்றோம். யான் வெறுப்பது இம்மாறுபாட்டை மாத்திரமே.

செயலாளர் மனம் வருந்தாதிருக்கும்பொருட்டுப் பிள்ளைத்தமிழ் பற்றியும் ஒரு சொல் கூறுவேன். காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை அந்நூல்கள் பாடும். மூன்றாந் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாந் திங்கள் ஈறாக அப்பருவங்களை வகுப்பர் பாட்டியலார். செங்கீரையாடுதல், கை கொட்டுதல், முத்தம் தருதல், தளர்நடையிட்டு வருதல், நிலவை விளையாட வருமாறு அழைத்தல், சிறுபறை கொட்டுதல், சிறுதேர் உருட்டுதல். பிள்ளையின் இன்பமாகப் புலவர் கண்டவை இவையே. இவற்றுள் வாடகைக்கு எடுத்தற்குரியது எதுவும் இல்லை. நிலவுக்கு இன்றுவரை ரசீது போட்டவர் இலர்.

அங்ஙனமாயின், இவ்வாடம்பரம் நம்மிடை எங்ஙனம் புகுந்தது? நம் தந்தையர் காலத்தில் உறவினர் அனைவரும் இரண்டு மூன்று ஊர்களிலேயே இருந்தனர். வாலாஜாபாத்திலிருந்தும் உத்திரமேரூரிலிருந்தும் வருகின்றவர் முதல்நாள் மாலையே வந்து, திண்ணையிற் படுத்து, விடியுமுன் காய் நறுக்க உட்காருவர். விருந்தினரே வேலையாட்கள். பின்னர்ச் சிப்காட் மனைகள் இப்பக்கத்திற் பரவின. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் கார் செய்யத் தொடங்கிற்று. ஸ்ரீபெரும்பூதூரில் நோக்கியா ஆலை 2006-லும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-லும் தோன்றின. நம் பிள்ளைகள் மாதச் சம்பளக்காரர் ஆயினர், அது நன்மையே. ஆனால் உறவினர் மணி பார்த்து வந்து, மணி பார்த்துப் போகின்றவர் ஆயினர். முன்பு கைகள் செய்த வேலையை இப்போது பணம் செய்ய வேண்டியதாயிற்று. அன்றியும், உடன் வேலை செய்வோர் பத்துப்பேர் தத்தம் பிள்ளையின் விழாப் படங்களை வாட்ஸப்பிற் போடும்போது பதினோராமவன் மனம் பொறுப்பதில்லை.

இவ்விடத்தில் ஒன்று நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அந்நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திற்று. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022-ல் நின்றது. அவற்றின் காரணம் நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. நிரந்தர வேலையே இவ்வாறாயின், ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலையை நம்பி ஈராண்டுக் கடனை ஒரே பிற்பகலில் ஏற்றுக்கொள்ளல் தகுமா என்பதே என் கேள்வி.

குறை கூறுதல் எளிது. வழி காட்டுதல் வேண்டாவோ என்பீர்கள். வழியை யான் காட்டவில்லை. என் மூத்த தமக்கையார் காட்டினார். படப்பைக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட சிற்றூரில், கணவரை இழந்த அவர் தம் மகளோடும் மருமகனோடும் வாழ்கின்றார். சென்ற ஆவணியில் அவர் பேத்திக்கு ஆண்டு நிறைவு. ஒருநாள் மாலை என்னை அழைத்து, "தம்பி! என் கையில் 15,000 ரூபாய்தான் இருக்கிறது. அழைக்க வேண்டியவர் எண்பது பேர். இலையிலும் குறை இருக்கக் கூடாது, கடனும் இருக்கக் கூடாது. கணக்குப் போட்டுக் கொடு" என்றார். யான் காகிதமும் கோலும் எடுத்து உட்கார்ந்தேன். கணக்கைப் போட்டவரோ அவரே.

முதலாவதாக, வழிபாட்டையும் விருந்தையும் அவர் வேறு வேறாகப் பிரித்தார். பிறந்த நட்சத்திரம் ஒரு புதன்கிழமை வந்தது. அன்று வீட்டார் மாத்திரம் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குச் சென்று அருச்சனை செய்து மீண்டனர். விருந்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார். ஒரே நாளில் இரண்டையும் வைத்தால் கோயிலுக்கு வண்டி, வண்டியில் வருவோர்க்குக் காலைச் சிற்றுண்டி என்று செலவு கிளைத்துக்கொண்டே போகும் என்பது அவர் கண்ட நுட்பம்.

இரண்டாவது, எனக்கு முதலில் விளங்காதது. பந்தற்காரர் எண்பது பேர்க்கு எண்பது நாற்காலி என்றார். தமக்கையார் முப்பது போதும் என்றார். "மற்றவர் நிற்பதா?" என்றேன். அவர் விளக்கினார். நம் உறவினரிற் பாதிப்பேர் ஆலைகளில் முறை வேலை பார்ப்பவர்; ஞாயிறும் ஓயாத ஆலைகள் உண்டு. பிற்பகல் ஷிப்டுக்குப் போகின்றவர் பதினொன்றரை மணிக்கே உண்டு பேருந்துக்கு ஓடுவர். இரவு ஷிப்டு முடித்தவர் உறங்கி எழுந்து ஒரு மணிக்கு வருவர். காலை ஷிப்டுக்காரர் மூன்று மணிக்குமேல் வருவர். எனவே எண்பதின்மரும் ஒருசேர இருக்கும் நேரமே இராது. 'முற்பகல் 11 முதல் பிற்பகல் 4 வரை எப்பொழுது வரினும் இலை உண்டு' என்று செய்தி அனுப்பச் சொன்னார். குறித்த முகூர்த்த வேளை இல்லாமையால், ஷிப்டினால் வர இயலாது என்று வருந்தியிருக்கக்கூடியவர்களும் வந்தனர். பந்தலும் முப்பது நாற்காலியும் ஆறு மேசையும் சேர்த்து 2,200 ரூபாயில் முடிந்தது. மண்டபத்திற்கு 25,000 கொடுத்தவன் ஒரே வேளைக்கு அனைவரையும் வருவித்தமையாலன்றோ அவ்வளவு பெரிய இடம் வேண்டியதாயிற்று!

மூன்றாவது, உணவு. சோறு, சாம்பார், இரசம், பொரியல், கூட்டு, வடை, அப்பளம், பாயசம், மோர். இதற்குமேல் ஒன்றும் வேண்டா. ஆயின், இரண்டாம் முறை கேட்டவர்க்கு இல்லை என்னும் சொல் கூடாது என்பது அவர் விதி. பெரியவர் ஒருவர்க்கு 120 கிராம், சிறுவர்க்கு அதிற் பாதி என்று அரிசியை அளந்தால் எட்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைய வந்தது; பத்துக் கிலோவாக வாங்கினார். துவரம்பருப்பு 3 கிலோ, உளுந்து 2 கிலோ. பாயசம் பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் கொண்டது. ஆவின் பாலும் சர்க்கரையும் வாங்கும் செலவு அதனால் ஒழிந்தது. மளிகை, காய்கறி, எண்ணெய், நெய், மோர், இலை அனைத்தும் 6,560 ரூபாய். சமையற்காரர்க்கும் உதவியாளுக்கும் 3,000. எரிவாயு 1,000. பூ, தேங்காய், தாம்பூலம், அருச்சனை 600. குழந்தையின் பருத்தி ஆடை 700. அரைக்கிலோ கேக் 450. பந்தற் செலவையும் கூட்டினால் 14,510 ரூபாய். நம் தாய்மார்கள் விரும்பினால் பொருள்வாரியாகத் தமக்கையாரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றார்.

கேக்கைப் பற்றி வீட்டிற் சிறு வழக்கு நடந்தது. பிறந்தநாளில் விளக்கை ஏற்ற வேண்டுமேயன்றி வாயால் ஊதி அணைத்தல் அமங்கலம் என்றார் தமக்கையார். கேக் இல்லையேல் அண்டை வீட்டுப் பிள்ளைகள் முகம் வாடும் என்றாள் மகள். குத்துவிளக்கை ஏற்றுவது, மெழுகுவர்த்தி இன்றிக் கேக்கை வெட்டுவது என்று உடன்பாடு ஆயிற்று. அதனைப் பெரிய பிள்ளைகள் உண்டனர். ஆண்டு நிறைந்த குழந்தைக்குப் பருப்பும் சோறும் நெய்யும் பிசைந்து ஊட்டினர். இரண்டாண்டு நிறையாத குழந்தைக்கு இனிப்பு மிகுந்த உணவு தகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட நெறிமுறையிற் கூறியிருக்கின்றது. தமக்கையார் அதனைப் படித்தவரல்லர், ஆயினும் கிழவிகளின் கைப்பழக்கம் அதனோடு மாறுபடவில்லை. பலூனும் வாங்கவில்லை. ஹைட்ரஜன் அடைத்த பலூன் நெருப்பருகில் தீப்பற்றும். வெடித்த பலூனின் துண்டைச் சிறு குழந்தை வாயிலிட்டால் மூச்சடைக்கும். தென்னங்குருத்தைக் கிழித்துக் கிளியும் தோரணமும் செய்யச் சிறுவர்களுக்குக் கற்பித்தார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அந்தச் சனிக்கிழமை மாலை முழுதும் பத்துச் சிறுவர் கைப்பேசியை மறந்திருந்தனர் என்பதை யான் கண்ணாரக் கண்டேன்.

மொய்யை அவர் வாங்கவில்லை. "ஏதேனும் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் உண்பதற்குக் கொண்டு வாருங்கள்" என்றார். ஒரு வீட்டார் முறுக்குச் சுட்டு வந்தனர். மற்றொரு வீட்டார் ஒரு தூக்குத் தயிர் கொணர்ந்தனர். பணம் இல்லாத ஒரு கிழவி, சனிக்கிழமை இரவே வந்து, ஏழு பெண்களோடு அமர்ந்து காய் நறுக்கினாள். மறுநாள் பந்தியில் அவள் அமர்ந்த நிமிர்வைக் கண்டேன்; ஐந்நூறு ரூபாய் மொய் எழுதியவனிடம் அந்நிமிர்வை யான் கண்டதில்லை.

குறையே நேரவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஆட்டிறைச்சி இல்லையே என்று இருவர் முகம் சுளித்தனர். இரண்டு மணி அளவில், மருமகனுடன் முன்பு வேலை பார்த்த பதினால்வர் எதிர்பாராது வந்து சேர்ந்தனர். மிகுதியாக வாங்கிய அரிசி கைகொடுத்தது, வடையோ தீர்ந்துவிட்டது. யான் நடுங்கினேன். தமக்கையார் பந்தியின் நடுவே நின்று, "வடை ஆகிவிட்டது, பிள்ளைகளே! அப்பளம் இரண்டாகப் போடுகிறேன், பாயசம் வேண்டிய மட்டும் இருக்கிறது" என்று உரக்கச் சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே உண்டனர். குறையை மறைப்பவனுக்கே அது மானக்கேடு; வாய்விட்டுச் சொன்னவர்க்கு அது ஒரு செய்தி மாத்திரமே என்பதை நாற்பத்தைந்து வயதில் அன்று யான் கற்றேன்.

மருமகனுக்கு அன்று காலை ஷிப்டு, விடுப்புக் கிடைக்கவில்லை. தகப்பன் வருமுன் கேக்கை வெட்டிவிடலாம், பிள்ளைகள் காத்திருக்கின்றன என்று சிலர் அவசரப்படுத்தினர். தமக்கையார் இசையவில்லை. குழந்தையும் நண்பகலில் உண்டு உறங்கிவிட்டது. ஒலிபெருக்கி இல்லாமையால் மூன்று மணி நேரம் அயர்ந்து உறங்கிற்று. மூன்றேகால் மணிக்கு ஆலைப் பேருந்தினின்று இறங்கி, அதே சீருடையோடு அவன் வாசலிற் கால் வைத்தபோது, அப்போதுதான் விழித்த குழந்தை பாட்டியின் கையை விட்டு மூன்று அடி தானே நடந்து அவன் காலைப் பற்றிற்று. அதற்குமுன் இரண்டடிக்கு மேல் நடந்ததில்லையாம். புகைப்படக்காரர் இல்லை, எவரும் படமெடுக்கவில்லை. வாரானைப் பருவத்தை இருபது ஆண்டுகளாக வகுப்பிற் பாடம் சொல்லி வருகின்றேன். அன்றுதான் அதனைக் கண்டேன் என்று சொல்ல வேண்டும்.

15,000-ல் எஞ்சிய 490 ரூபாயிலிருந்து 250 ரூபாயைச் செலுத்தி, குழந்தையின் பெயரால் அஞ்சலகத்திற் செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தாய் தொடங்கினாள். அத்திட்டம் 2015-ல் வந்தது. 250 ரூபாயே அதற்குக் குறைந்த அளவு.

தாய்மாமன் முறையைப் பற்றி ஒரு சொல் கூறாமல் முடித்தல் தகாது. மோதிரமும் அரைஞாணும் தாய்மாமன் தலையில் விழுகின்றன. பொன் விலை ஏறிநிற்கும் இந்நாளில், தமக்கைக்குப் பிள்ளை பிறந்த செய்தி கேட்டு மகிழ வேண்டியவன் கணக்குப் பார்த்துப் பெருமூச்சு விடுகின்றான். ஸ்ரீ இராமாநுசர்க்குத் தாய்மாமன் திருமலை நம்பி. அவர் திருமலையினின்று வந்து குழந்தையைக் கண்டு, இளையாழ்வார் என்று பெயரிட்டார் என்று குருபரம்பரை கூறும். அவர் கொடுத்த மோதிரம் எத்தனைப் பவுன் என்று குருபரம்பரை குறிக்கவில்லை. தமக்கையார் வீட்டில் யானே தாய்மாமன் முறையில் நின்று, பேத்திக்குத் துணியிற் கட்டிய படப் புத்தகம் ஒன்று கொடுத்தேன். அவள் அதனைக் கடித்துப் பார்த்தாள்.

இனிச் சங்கத்தாரிடம் என் விண்ணப்பம். நம் சங்கக் கட்டடத்தின் பின்னறையில் இரண்டு பெரிய அண்டா, நான்கு தவலை, இட்டலிக் கொப்பரை, கரண்டி வகைகள், நூறு பித்தளைத் தம்ளர் ஆகியவை ஆண்டு விழாவுக்குப்பின் பூட்டியே கிடக்கின்றன. அவற்றைத் திருமணத்திற்கன்றி வேறு விசேஷங்களுக்குக் கொடுப்பதில்லை என்று ஒரு விதி இருக்கின்றது. தமக்கையார் கேட்டபோது இவ்விதியைக் காட்டி மறுத்துவிட்டோம். அவர் ஐந்து வீடுகளிற் பாத்திரம் இரவல் வாங்கினார். பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் வாடகையின்றிக் கொடுத்து, துலக்கித் திருப்புவதை மாத்திரம் நிபந்தனையாக வைக்கலாம் என்று தீர்மானம் கொணர்கின்றேன். பிறந்தநாட் செலவுக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டும் என்றார் நண்பர் ஒருவர். அதனை யான் ஆதரியேன். உள்ளவன் செலவழிக்கட்டும், அது அவன் பொருள். இல்லாதவன் வீட்டில் உண்டு கை கழுவும் நம் வாயையே வரம்பிற்குட்படுத்த வேண்டும். அதற்குத் தீர்மானம் செல்லாது.

என் சிற்றப்பன் மகன் வீட்டிற்கு நேற்றைக்கு முந்தின நாள் சென்றிருந்தேன். நான்கு ஆண்டுகட்கு முன் சொன்ன சொல்லுக்கு அவனிடமும் அவன் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவன், "விடுங்கள் அண்ணா" என்றான். அவள் ஒன்றும் சொல்லாமல் மோர் கொணர்ந்து வைத்தாள். வருகின்ற மாசியில் அப்பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டு நிறைவு. இவ்வாண்டு ஒருவரையும் அழைப்பதாக இல்லை என்றனர். யானே அழைக்கின்றேன். அவ்வாடகை வீட்டு வாசலில், மாசி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 முதல் பிற்பகல் 4 வரை. எலுமிச்சம்பழச் சாதம், தயிர்ச் சாதம், கேசரி, வாழைக்காய் வறுவல். மொய் வேண்டா. அரிசியும் எலுமிச்சம்பழமும் என் பொறுப்பு. கேசரியைத் தமக்கையார் கிண்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார். காய் நறுக்க இசைந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் பெயர் கொடுக்கலாம். பெரிய அண்டா ஒன்று வேண்டும். பின்னறைச் சாவி பொருளாளர் அவர்களிடம் இருக்கின்றது.